இரண்டு அரசு உயர்நிலைப் பள்ளிகளை ஒன்றாக்கலாமா? கை தூக்குவதற்கு முன் பேசுவோம்

1. கரும்பலகை

எங்கள் பகுதியில் இரண்டு அரசு உயர்நிலைப் பள்ளிகள். இங்கே உயர்நிலை என்று நான் சொல்வது 9 முதல் 12 வரை. ஒவ்வொன்றிலும் முந்நூறு பிள்ளைகள், சற்று முன்னே பின்னே. இரண்டுக்கும் நடுவில் பதினான்கு கிலோமீட்டர். இரண்டையும் சேர்த்து ஒரே பள்ளியாக்கிவிடலாம் என்று பேச்சு கிளம்பி ஆறு மாதமாகிறது. பெற்றோர் கூட்டம் இரண்டு முறை நடந்து, இரண்டு முறையும் கூச்சலில் முடிந்தது. அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்க்கலாம் என்ற பக்கம்தான் நான். என் மகளுக்கு உயிரியலும் கணினி அறிவியலும் சேர்த்துப் படிக்க ஆசை. அந்த இரண்டும் ஒரே பீரியடில் வருகிறது, ஒன்றை விட்டுவிடு என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, ஆசிரியர் எண்ணிக்கை அவ்வளவுதான். பிள்ளைகள் அதிகம் இருந்தால் ஆசிரியர் அதிகம், ஆசிரியர் அதிகம் இருந்தால் பாடப்பிரிவு அதிகம் என்பது என் கணக்கு. இதை நேரில் அனுபவித்தவர்கள் இருந்தால், ஆசிரியரோ மாணவரோ பெற்றோரோ யாராக இருந்தாலும், நடந்தது என்ன என்று சொல்லுங்கள். கருத்து எங்கள் ஊர்க் கூட்டத்திலேயே ஏராளம், அனுபவம்தான் கிடைக்கவில்லை.

2. சாக்பீஸ்தூள்

இருபத்திரண்டு வருஷம் இயற்பியல் நடத்தியவன். பாதி காலம் சின்னப் பள்ளியில், பாதி காலம் மூன்று பள்ளிகளைச் சேர்த்து உருவாக்கிய பெரிய பள்ளியில்.

சின்னப் பள்ளியில் 12ஆம் வகுப்பு இயற்பியலுக்குப் பதினொரு பேர். குவிலென்ஸ் சோதனை செய்யும் நாளில் ஆளுக்கொரு லென்ஸ். ஒவ்வொரு பிள்ளையும் திரையை முன்னும் பின்னும் நகர்த்தி, ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மரம் தலைகீழாக விழுவதைத் தானே பிடிக்கும். ஒரு பெண் தன் அளவில் மட்டும் இரண்டு சென்டிமீட்டர் பிசகுகிறது என்று மணி அடித்தும் போகாமல் நின்று, கடைசியில் அளவுகோலின் முனை தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தாள். பெரிய பள்ளிக்குப் போன பிறகு ஒரு லென்ஸுக்கு நான்கு பேர். ஒருவன் நகர்த்துவான், ஒருவன் எழுதுவான், மற்ற இருவர் எழுதியதைப் பார்த்து எழுதுவார்கள்.

சரி, இதைச் சொன்னதும் நான் சின்னப் பள்ளிக் கட்சி என்று எண்ணிவிட வேண்டாம். அதே சின்னப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர் மாறுதலில் போனார், ஒன்பது மாதம் அந்த இடம் காலியாகவே கிடந்தது. நான்தான் வேதியியலும் எடுத்தேன். கரிம வேதியியலை முந்தின ராத்திரி படித்துவிட்டு மறுநாள் காலையில் நடத்தினேன். அந்த வருஷத்துப் பிள்ளைகளிடம் இன்றைக்கும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பெரிய பள்ளியில் இயற்பியலுக்கு மட்டும் மூன்று பேர் இருந்தோம். ஒருவர் விடுப்பில் போனால் வகுப்பு நிற்காது. ஒரு கேள்வித்தாளை மூன்று பேர் உட்கார்ந்து பேசும்போதுதான், பத்து வருஷமாக நான் தப்பாக விளக்கிக்கொண்டிருந்த ஒரு விஷயம் எனக்கே தெரிய வந்தது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ஜேம்ஸ் கோனன்ட் 1959-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். இறுதி வகுப்பில் 100 பேராவது இல்லாவிட்டால் அந்தப் பள்ளியால் போதுமான பாடங்களைத் தர முடியாது என்றார். கரும்பலகை, உங்கள் பள்ளிகளில் இறுதி வகுப்புக்கு எழுபது, எழுபத்தைந்து பேர் இருப்பார்கள் இல்லையா? உங்கள் மகளுக்கு நேர்ந்தது அவர் சொன்ன அதே சிக்கல்தான்.

3. ஜன்னலோரம்

நான் மாணவனாக இருந்தவன். எங்கள் பள்ளியை மூடி இன்னொன்றோடு சேர்த்தபோது எனக்குப் பத்தாம் வகுப்பு.

காலை 6.40-க்கு பஸ். என் நிறுத்தம்தான் முதல் நிறுத்தம் என்பதால் ஜன்னலோர இடம் எனக்கு எப்போதும் உறுதி, அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் நீடித்தது. பள்ளி போய்ச் சேர 7.55. நேராகப் போனால் இருபத்தைந்து நிமிஷ தூரம்தான், ஆனால் பஸ் நேராகப் போகாது, ஒவ்வொரு கிளைச் சாலைக்குள்ளும் நுழைந்து திரும்பும். சாயங்காலமும் அதே கதை. வீட்டுக்கு வந்து பையை வைத்தால் தூக்கம் கண்ணைச் சுழற்றும். கணக்கை பஸ்ஸிலேயே போடப் பார்த்தேன், அந்த வருஷத்து நோட்டைப் பார்த்தால் கையெழுத்து அலை அலையாக இருக்கும்.

படிப்பு மோசமானதா என்றால் இல்லை. புதிய பள்ளியில் ஆய்வகம் நன்றாக இருந்தது, எனக்குப் பிடித்த புள்ளியியல் கிடைத்தது, இன்று நான் செய்யும் வேலை அதில் வந்ததுதான். அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பழைய பள்ளியின் கோப்பைகளைப் புதிய பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு வருஷமும் அவை மாடிப்படிக்கு அடியில் அட்டைப் பெட்டியில் கிடந்தன. கண்ணாடி அலமாரியில் இடமில்லையாம். என் அக்கா ஓட்டப்பந்தயத்தில் வாங்கித் தந்த கோப்பை அந்தப் பெட்டிகளில் ஏதோ ஒன்றில் இருந்தது. காலை வழிபாட்டில் நாங்கள் எல்லாரும் இடது பக்கம் சேர்ந்து நிற்போம், யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. இரண்டாவது வருஷமும் அப்படியேதான் நின்றோம்.

4. கரும்பலகை

ஒன்றேகால் மணி நேரம் ஒரு வழிக்கு! எங்கள் கூட்டத்தில் தூரத்தைக் கிலோமீட்டரில்தான் பேசினார்கள். "பதினான்கு கிலோமீட்டர்தானே" என்று நானும் சொன்னேன். கடைசி வீட்டிலிருந்து பிள்ளைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

5. கூட்டல்கழித்தல்

உங்கள் கூட்டத்தில் "செலவு மிச்சமாகும்" என்ற வாதம் வந்திருக்கும், வராமல் இருக்காது. அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

நியூயார்க் மாநிலத்தின் கிராமப்புறப் பள்ளி மாவட்டங்களில் (அங்கே ஒரு பகுதியின் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்துக்கு அந்தப் பெயர்) 1985 முதல் 1997 வரை நடந்த இணைப்புகளை டன்கோம், யிங்கர் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். 300 பிள்ளைகள் உள்ள இரண்டு மாவட்டங்கள் சேர்ந்தால் ஒரு பிள்ளைக்கு ஆகும் நடப்புச் செலவு நன்றாகவே குறைகிறது. 1,500 பிள்ளைகள் உள்ள இரண்டு சேர்ந்தால் அந்த மிச்சம் சுருங்கிவிடுகிறது. அது மாவட்ட நிர்வாகங்களின் இணைப்பு, உங்களுடையது பள்ளி இணைப்பு, அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் சிறியவை சேர்ந்தால் பலன் அதிகம் என்ற போக்கு உங்கள் பக்கம்தான் இருக்கிறது. கூடவே, சேர்ந்த கையோடு கட்டடச் செலவு ஏறுவதையும் அவர்கள் குறித்திருக்கிறார்கள். முதல் சில வருஷங்களில் மிச்சத்தை எதிர்பார்க்காதீர்கள்.

மேற்கு வர்ஜீனியாவில் நடந்தது வேறு. 1990-க்குப் பிறகு பன்னிரண்டு வருஷத்தில் 300-க்கு மேற்பட்ட பள்ளிகளை மூடினார்கள். வாக்குக் கொடுத்த மிச்சமும் வரவில்லை, கூடுதல் பாடங்களும் பல இடங்களில் வரவில்லை என்று 2002-இல் அங்கத்திய நாளிதழ் ஒன்றே தொடராக எழுதியது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை ஒரு வழிக்கு 60 நிமிஷத்துக்கு மேல் பஸ்ஸில் இருக்கக்கூடாது என்று அந்த மாநிலத்தில் வழிகாட்டுதல் உண்டு. ஆனாலும் அதைத் தாண்டித்தான் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மலைச்சாலை, பனி, சிதறிக் கிடக்கும் வீடுகள். பள்ளிக் கட்டடத்துக்குச் செலவழிக்க வேண்டியதை டீசலுக்குச் செலவழித்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொரு எண்ணும் உங்களுக்கு உதவும். வேலரி லீ, ஜூலியா ஸ்மித் இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் அதிகம் கற்றுக்கொள்வது 600 முதல் 900 பேர் உள்ள பள்ளிகளில் என்று வந்தது. அதற்குக் கீழே போனாலும் கற்றல் குறைகிறது, மேலே போனாலும் குறைகிறது. 2,100-க்கு மேல் ரொம்பவே மோசம். உங்கள் இரண்டும் சேர்ந்தால் 600. எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் சேர்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான அளவு கிடைக்காது.

6. மாடிப்படி

எண்ணிக்கை, எண்ணிக்கை என்கிறீர்களே, நான் 90 பேர் படித்த உயர்நிலைப் பள்ளியில் படித்தவள். நாடகத்துக்கு ஆள் போதாமல் என்னை மேடையில் ஏற்றினார்கள். நான் வாயே திறக்காத பெண். முதல் காட்சியில் கை நடுங்கி விளக்கைக் கீழே போட்டேன், மூன்றாவது காட்சியில் வசனம் கணீரென்று வந்தது. இன்று நூறு பேர் முன்னால் நின்று பேசும் வேலையில் இருக்கிறேன். 1,200 பேர் உள்ள பள்ளியில் என்னைக் கூப்பிட்டே இருக்க மாட்டார்கள், என்னைவிட நன்றாக நடிக்க நாற்பது பேர் வரிசையில் நின்றிருப்பார்கள்.

இது என் சொந்தக் கதை மட்டுமில்லை. ரோஜர் பார்க்கரும் பால் கம்ப்பும் கான்சாஸ் மாநிலத்தின் 13 உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 1964-இல் வெளியிட்டார்கள். மிகச் சிறியதில் 35 பேர், மிகப் பெரியதில் 2,287 பேர். பெரிய பள்ளியில் மன்றங்களும் போட்டிகளும் அதிகம்தான், ஆனால் பிள்ளைகள் பெருகிய அளவுக்கு அவை பெருகவில்லை. சின்னப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு வரும் பொறுப்புகள் அதிகம். அணியில் இடம், மன்றத்தில் பதவி, மேடையில் ஒரு வேஷம். பெரிய பள்ளியில் எதிலுமே சேராமல் ஓரத்தில் நிற்கும் பிள்ளைகள் அதிகம். படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது, ஏனென்றால் சின்னப் பள்ளியில் அவனும் தேவைப்படுகிறான். கால்பந்துக்குப் பதினொரு பேர் வேண்டுமே.

கரும்பலகை, உங்கள் மகளுக்குக் கணினி அறிவியல் கிடைக்க வேண்டும், நியாயம். அதற்காக ஓரத்தில் போய் நிற்கப் போகும் பிள்ளைகளையும் எண்ணிப் பாருங்கள்.

7. சாக்பீஸ்தூள்

மாடிப்படி அம்மா, நீங்கள் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாடகத்தில் வேஷம் கிடைத்த அதே பிள்ளைக்குத்தான் ஒன்பது மாதம் வேதியியல் ஆசிரியர் இல்லை. ஒன்று கிடைத்தால் ஒன்று போகும் என்று விட்டுவிட முடியுமா?

சிறியது என்பதாலேயே நன்றாக இருக்கும் என்பதும் சரியில்லை. கேட்ஸ் அறக்கட்டளை 2000-க்குப் பிறகு ஏறக்குறைய 200 கோடி டாலர் கொட்டி பெரிய உயர்நிலைப் பள்ளிகளை உடைத்துச் சின்னதாக்கியது. பல பள்ளிகளில் கற்றல் பெரிதாக உயரவில்லை என்று 2009-இல் பில் கேட்ஸே எழுதினார். அதே நேரம் நியூயார்க் நகரத்தில் புதிதாகத் தொடங்கிய சின்னப் பள்ளிகளில் தேறி வெளியேறியவர்களின் விகிதம் உயர்ந்தது. அங்கே ஆசிரியரைப் பார்த்துப் பார்த்து எடுத்தார்கள், பள்ளிக்கென்று ஒரு நோக்கம் வைத்தார்கள். சும்மா சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்த இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. சுவரை இடித்து இரண்டை ஒன்றாக்குவதற்கும் இதே கதைதான் என்பது என் எண்ணம்.

8. மழைக்கால்

மூடுகிற பள்ளியின் கட்டடத்தை என்ன செய்வார்கள்? இதற்கு எழுத்தில் பதில் இல்லாத இடத்தில் நான் கை தூக்க மாட்டேன்.

9. வெள்ளைக்கொக்கு

பெண் பிள்ளைகளைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உயர்நிலை வகுப்பில்தான் தூரம் பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்துகிறது. பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். முரளிதரன், நிஷித் பிரகாஷ் இருவரும் அதை ஆராய்ந்தபோது, உரிய வயதில் உயர்நிலைக்கு வரும் பெண்களின் சேர்க்கை 32 சதவீதம் ஏறியிருந்தது. அந்த ஏற்றம் அதிகம் தெரிந்தது பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில். அதாவது, அதற்கு முன் அந்தப் பெண்களைப் பள்ளிக்கு வராமல் தடுத்தது அந்த மூன்று நான்கு கிலோமீட்டர்தான். நீங்கள் பதினான்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

சட்டமும் இங்கே கைகொடுக்காது. இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். பக்கத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்ற உறுதி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் தூரத்துக்கு அந்தச் சட்டத்தில் வரம்பு இல்லை.

சீனாவையும் பாருங்கள். 2001-க்குப் பிறகு கிராமப்புறப் பள்ளிகளை வேகவேகமாக மூடி, பெரிய இடத்துக்குக் கொண்டுபோனார்கள். பத்து வருஷத்தில் கிராமத் தொடக்கப்பள்ளிகளில் ஏறக்குறைய பாதி காணாமல் போயின. சின்னஞ்சிறுசுகள் விடுதியில் தங்கின, நெடுந்தூரம் வண்டியில் போய் வந்தன. 2012-இல் அரசே தலையிட்டு, இப்படிக் கண்மூடித்தனமாக மூடுவதை நிறுத்துங்கள், பெற்றோரைக் கேளுங்கள் என்று உத்தரவு போட்டது. அதற்குள் மூடியது மூடியதுதான், பூட்டிய பள்ளியை மறுபடி திறப்பது லேசில்லை.

பஸ் விட்டால் போதும் என்பார்கள். எந்த நிறுத்தத்தில் விடும், அங்கே விளக்கு இருக்கிறதா, நிறுத்தத்திலிருந்து வீடு எவ்வளவு தூரம், அதையெல்லாம் பெண்ணைப் பெற்றவர்களிடம் கேளுங்கள்.

10. ஜன்னலோரம்

வெள்ளைக்கொக்கு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பள்ளி விட்டு 4.20-க்கு பஸ் கிளம்பிவிடும். கால்பந்துப் பயிற்சி 4.30-க்கு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் ஒருத்தன்கூட அணியில் சேர முடியவில்லை. மாடிப்படி சொன்ன அந்த ஓரத்தில் நிற்கும் பிள்ளைகள் நாங்கள்தான், திறமை இல்லாததால் இல்லை, கடைசி பஸ் போய்விடும் என்பதால். 6 மணிக்கு இன்னொரு பஸ் விட்டிருந்தால் என் இரண்டு வருஷம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

11. பழையமணி

வயதில் மூத்தவன், கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் அளவையும் தூரத்தையும் பேசுகிறீர்கள். நான் கேட்பது, இந்த இரண்டு பள்ளிகளும் முதலில் ஏன் தனித்தனியாக இருக்கின்றன? தூரத்தினால் என்றால் சரி. ஒரு பக்கத்து மக்களும் மறு பக்கத்து மக்களும் கலக்கக்கூடாது என்று யாரோ எப்போதோ நினைத்ததால் என்றால், சேர்ப்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. வடக்கு அயர்லாந்தில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் புராட்டஸ்டன்ட் பிள்ளைகளும் பெரும்பாலும் தனித்தனிப் பள்ளிகளில் படித்தார்கள். 1981-இல் பெற்றோர்களே கூடி லேகன் கல்லூரி என்ற சேர்ந்து படிக்கும் உயர்நிலைப் பள்ளியை 28 பிள்ளைகளோடு தொடங்கினார்கள். குண்டுவெடித்துக்கொண்டிருந்த காலம் அது.

ஆனால் சேர்க்கிற விதத்திலும் அநியாயம் நடக்கும். அமெரிக்காவில் 1954-இல் நிறப்பிரிவினைப் பள்ளிகள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. நியாயமான தீர்ப்பு. அதை நிறைவேற்றும்போது தென் மாநிலங்களில் பெரும்பாலும் மூடியது கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளை. அடுத்த பத்துப் பதினோரு வருஷத்தில் ஏறக்குறைய 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் வேலை இழந்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். பிள்ளைகள் புதிய பள்ளிக்குப் போனார்கள், அவர்களை அறிந்த ஆசிரியர் அங்கே இல்லை. பள்ளியின் பெயர், பாட்டு, நிறம் எல்லாம் மற்றவர்களுடையது.

ஜன்னலோரம் தம்பி சொன்ன அட்டைப் பெட்டியைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. சேர்ந்த பிறகு தலைமை ஆசிரியர் யார், பெயர் யாருடையது, துணைத் தலைமை எந்தப் பக்கத்திலிருந்து? இதற்கெல்லாம் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றால், அது சேர்ப்பு இல்லை. ஒன்றை மற்றொன்று விழுங்குகிறது.

12. கூட்டல்கழித்தல்

ஐயா சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. அதையொட்டி ஒன்று. சேர், சேராதே என்று இரண்டு வழிதான் என்பதில்லை. இந்தியாவில் 1964–66-இல் கோத்தாரி கல்விக் குழு பள்ளி வளாகம் என்ற யோசனையைச் சொன்னது. அருகருகே இருக்கும் பள்ளிகள் தனித்தனியாகவே இருக்கட்டும், ஆசிரியர், ஆய்வகம், நூலகத்தைப் பகிர்ந்துகொள்ளட்டும் என்று. 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையும் அதையே மறுபடி எடுத்து, ஓர் உயர்நிலைப் பள்ளியையும் 5 முதல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் மற்ற பள்ளிகளையும் ஒரு குழுவாக்கச் சொல்கிறது. வடக்கு அயர்லாந்திலும் 2016-இல் பகிர்வுக் கல்விக்கென்றே சட்டம் வந்தது, இரண்டு பள்ளிகளும் அப்படியே இருக்க, வகுப்புகள் மட்டும் சேர்ந்து நடக்கும்.

கரும்பலகையின் மகளுக்கு வேண்டியது ஒரே ஒரு பாடம். அதற்காக 600 பேரையும் இடம் மாற்ற வேண்டுமா?

13. சாக்பீஸ்தூள்

பகிர்வை நான் செய்து பார்த்திருக்கிறேன். கேட்க அழகாக இருக்கும். எங்களுக்கு அது ஒரு பருவத்தில் உடைந்தது, காரணம் சின்னது. இரண்டு பள்ளிகளின் மணியும் வேறு வேறு நேரம். அங்கே மூன்றாவது பீரியட் 10.50-க்கு, இங்கே 11.05-க்கு. நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவேன், பதினைந்து நிமிஷம் ஒரு வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டு தலைமை ஆசிரியரும் தங்கள் மணியை மாற்ற ஒத்துக்கொள்ளவில்லை.

செய்வதானால் இப்படிச் செய்ய வேண்டும். இரண்டு பள்ளிக்கும் ஒரே கால அட்டவணை, அதை ஒரே ஆள் போட வேண்டும். பயணம் செய்வது ஆசிரியர், பிள்ளை இல்லை. அதுவும் ஒரு நாளைக்குள் அங்கும் இங்கும் ஓடாமல், திங்கள் செவ்வாய் ஒரு பள்ளி, புதன் வியாழன் மறு பள்ளி. பதினான்கு கிலோமீட்டருக்கு அது முடியும். ஆய்வகத்துக்கு மட்டும் மாதம் இரண்டு நாள் பிள்ளைகள் போகலாம். ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்தால் சேர்ப்பது அவசியமா என்பது தானாகத் தெரிந்துவிடும், நடுவில் யாருடைய பள்ளியும் பூட்டப்பட்டிருக்காது.

14. நாலாவதுபெஞ்ச்

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன், இதே மாதிரி பேச்சு எங்கள் பள்ளியைப் பற்றியும் நடக்கிறது. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் நான் சொல்வேன், 12ஆம் வகுப்பு நடுவில் மட்டும் மாற்றாதீர்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வருஷமாகச் சேருங்கள். என்னைத் தெரிந்த ஆசிரியர்தானே நான் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது என்னைப் பற்றி எழுத முடியும்.

15. கரும்பலகை

எல்லாருக்கும் நன்றி. முழுவதையும் இரண்டு முறை படித்தேன், என் மகளும் உட்கார்ந்து படித்தாள். பதினான்காவது பதிவைப் படித்துவிட்டு, "அப்பா, என்னையும் யாரும் கேட்கவில்லை" என்றாள். உண்மைதான். அவளுக்காகத்தான் பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டே அவளிடம் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

சேர்ப்பதற்கு நான் இன்னும் எதிரி ஆகிவிடவில்லை. ஆனால் இந்தக் கூட்டத்திலேயே வாக்கெடுப்பு வேண்டாம் என்று கேட்கப் போகிறேன். சாக்பீஸ்தூள் சார் சொன்னபடி ஒரே அட்டவணையில் ஒரு வருஷம் ஓட்டிப் பார்க்கலாம் என்பதை முதலில் வைப்பேன். அதற்கு மறுத்து வாக்கெடுப்புத்தான் என்றால், கட்டடம் என்ன ஆகும், பெயரும் தலைமை ஆசிரியரும் எப்படி, 6 மணி பஸ் உண்டா, எந்த வகுப்பிலிருந்து சேர்ப்பு தொடங்கும், எல்லாம் எழுத்தில் வந்த பிறகுதான் என் கை எழும். இரண்டு பள்ளியிலிருந்தும் மாணவர் நான்கு பேராவது கூட்டத்தில் உட்கார வேண்டும் என்றும் கேட்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வியாழக்கிழமை காலை, அந்தப் பக்கத்துக் கடைசி வீட்டிலிருந்து பஸ் போக வேண்டிய பாதையில், ஒவ்வொரு கிளைச் சாலைக்குள்ளும் நுழைந்து திரும்பி, நிறுத்தத்துக்கு ஒரு நிமிஷம் நின்று, மகளையும் கூட்டிக்கொண்டு வண்டியில் போகப் போகிறேன். நேரத்தை அவள் குறிப்பாள். ஜன்னலோரம் தம்பி, 6.40-க்கே கிளம்புகிறோம். ராத்திரி இங்கே எழுதுகிறேன்.